கேள்வி எழவில்லை

மேலப்பாளையம் பஜாரில்
உரக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பெஞ்சு,
மழைக்கு ஒரு வாளி.
செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வரும் மாடுகள்
படிக்கட்டில் சாணம் போட்டுவிட்டுப் போகும்.
மனுக்களை அடிப்பது நான்.
தளவாய் அண்ணாச்சி எம்.பி.

டெல்லியில் அவருக்குக் கடைசி வரிசை, தூண் ஓரம்.
டிவியில் காட்டும்போது
முன்னால் இருப்பவர் தலைப்பாகைக்குப் பின்னே
அரை நெற்றி தெரியும்.
அதைப் பார்த்துத்தான் டீக்கடை சம்சுதீன்
"அண்ணாச்சி இன்னைக்கு அவைக்குப் போயிருக்காவ" என்பார்.

மைதீன் பாத்து வந்தது ஒரு ஏப்ரலில்.
நாற்பத்தோரு வருடம் பீடி சுற்றியவள்.
இலையும் தூளும் தின்றது போக
விரல் நுனியில் வெறும் வழவழப்பு.
பேங்கில் கண்ணாடிப் பெட்டிமேல்
பெருவிரலை வைத்தாள். சிவப்பு.
எண்ணெய் தொட்டு வைத்தாள். சிவப்பு.
முந்தானையில் துடைத்து
பிஸ்மி சொல்லி வைத்தாள்.
'ஆள் உயிருடன் இருப்பது உறுதியாகவில்லை'
என்று ஒரு சீட்டு.
அதை என்னிடம் நீட்டிக்கொண்டு
இருபது படி ஏறிய மூச்சை
இரைந்து இரைந்து வாங்கினாள்.

(அ), (ஆ), (இ) என்று பிரித்து அடித்தேன்.
ரேகை தேய்ந்ததால் நின்றுபோன பென்ஷன் எத்தனை,
மாவட்ட வாரியாக எவ்வளவு,
இதெல்லாம் ஏன்.
"ஏன்னு போடாதடே" என்றார் அண்ணாச்சி.
"அதற்கான காரணங்கள் யாவைன்னு போடு.
அங்க ஏன்னு கேட்டா
சண்டைக்கு வாரான்னு நெனைப்பாவ."

குலுக்கலில் பதினேழாவது இடம்.
மூன்றாம் கேள்விக்குள்
எதற்கோ கூச்சல், அவை ஒத்திவைப்பு.
பதில் காகிதமாக வந்தது.
(அ) அத்தகைய விவரம் பராமரிக்கப்படுவதில்லை.
(ஆ), (இ) கேள்வி எழவில்லை.

வாசித்துக் காட்டினேன்.
பெஞ்சில் ஒரு கையை ஊன்றி இருந்தவள் கேட்டாள்:
"கேள்விக்கும் முட்டுவலியா வாப்பா?
நாள் பூரா சுளகோட குந்தியிருந்தா
அது மட்டும் எப்படி எந்திரிக்கும்?"

போனில் அண்ணாச்சியிடம் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
ரயில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.
நாக்பூர் தாண்டியிருப்பார்.

அப்புறம் ஒன்றரை வருடம்.
நோட்டீஸ், நிராகரிப்பு, மறுபடி நோட்டீஸ்,
அமைச்சகத்துக்குப் பன்னிரண்டு கடிதம்.
ஒரே ஒரு நாள் பூஜ்ய நேரத்தில் மைக் கிடைத்தது.
தமிழில் ஆரம்பித்தார்.
அவைக்குறிப்பில் அது இப்படி இருக்கிறது:
'என் தொகுதியில் உயிரோடு இருக்கும் ஒரு பெண்
(குறுக்கீடுகள்)'
அத்தோடு சரி. அடுத்த வரியில்
வேறு யாரோ சர்க்கரை ஆலை பற்றிப் பேசுகிறார்.

அந்த மாதம்தான் குலவணிகர்புரம் ரயில்வே கேட் பக்கம்
'காணவில்லை: எங்கள் எம்.பி.' என்று சுவரொட்டி.
காரை நிறுத்திப் பார்த்தார்.
"போட்டோ நல்லா எடுத்திருக்கானுவ."

கார்த்திகை மழையில் சுற்றறிக்கை வந்தது.
ரேகை விழாதவர்க்குக் கண் போதுமாம்.
யார் கேட்டு வந்தது என்று அதில் இல்லை.
மைதீன் பாத்துவுக்கு இரண்டு கண்ணிலும் புரை.

ஆறாம் பத்தி வரை நான்தான் படித்தேன்.
'கண்ணும் இயலாதபோது அதிகாரி நேரில் கண்டு
சான்றளிக்கலாம்.'
இந்த வாக்கியத்தை எங்கோ அடித்திருக்கிறேன்.
தேடினேன். ஒன்பதாவது கடிதம்.
ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்திருந்தார்கள்.

பேங்க் மேலாளர் அதை இரண்டு தரம் வாசித்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
முக்காட்டை விலக்கி நின்றவளைப் பார்த்தார்.
"பேரு?"
"மைதீன் பாத்து."
அவர் பேனா எழுதவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.

நிலுவை பத்தொன்பது மாதத்தில்
ஏழு மாதம் வந்திருக்கிறது.
நேற்று அவளோடு இன்னும் நாலு பேர் படியேறி வந்து
பெஞ்சில் வரிசையாக இருந்துகொண்டு
கைகளை விரித்துக் காட்டினார்கள்.
கீழே உரக்கடைக்காரர் மாட்டை விரட்டிக்கொண்டிருந்தார்.
அண்ணாச்சி ஊரில் இல்லை.
(அ) என்று அடித்துவிட்டு
முதலாமவளிடம் பெயர் கேட்டேன்.